இரண்டாம் தேதிச் சம்பளம்

என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. இந்த நான்கு மாதமும் தவறாமல் இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எனக்குச் சம்பளம் போட்டாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வங்கி நம்பியது. எனக்கு அது போதும்.

எங்கள் வங்கியில் சேமிப்புக் கணக்குக்கு இரண்டு மடங்கு வட்டி தருகிறோம் என்றார்கள். அதற்கு மாதாமாதம் சம்பளம் என்று ஒரு தொகை வந்து விழ வேண்டும். கார்டைப் பத்து முறையாவது தேய்க்க வேண்டும். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவன். அவள் டயர் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். எங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

"நான் உங்களை வேலைக்கு எடுத்துக்கறேன். நீங்க என்னை எடுத்துக்குங்க" என்றாள்.

"எனக்கு என்ன வேலை?"

"இப்ப பாக்கற அதே வேலைதான்."

"நான் ஒண்ணும் பாக்கலையே."

"அதுக்குத்தான் சம்பளம் கம்மி."

ஒன்றாம் தேதி நான் அவளுக்கு இருபதாயிரம் அனுப்புவேன். இரண்டாம் தேதி அதே இருபதாயிரத்தை அவள் எனக்கு அனுப்புவாள். மூன்று வருடம் அந்த ஒரே பணம் எங்கள் இருவருக்கும் நடுவே நடையாய் நடந்து செருப்பே தேய்ந்திருக்கும். இரண்டு கார்டுக்கும் மூலைக்கடையில் பொத்தான் வாங்குவேன். ஒரு பொத்தான், ஒரு தேய்ப்பு.

"பெரியவரே, பத்தையும் மொத்தமா வாங்கினா என்னவாம்?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"சட்டை அவ்வளவு வேகமா வளராதுப்பா" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டில் ஒரு டப்பா நிறைய எழுநூற்றுச் சொச்சம் பொத்தான் இருக்கிறது.

பணம் அனுப்பும்போது திரையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். காலியாக விட்டால் கணினி ஏற்காது. 'சம்பளம்' என்று ஒற்றைச் சொல் போட்டால் போதும். அவளுக்குப் போதாது. 'சம்பளம், குறட்டை விடாத மூன்று இரவுக்கு' என்று எழுதுவாள். 'சம்பளம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை கதையை மறுபடி சொல்லாததற்கு.' நான் பதிலுக்கு, 'சம்பளம், என்னோடு குடித்தனம் நடத்தியதற்கு, அபாயப்படி உட்பட' என்று எழுதுவேன்.

அவள் போன அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு. பிறகும் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் கையில் வெந்நீர் கொட்டியது. தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஒன்றாம் தேதி, பழக்கதோஷத்தில் இருபதாயிரம் அனுப்பினேன். மறுநாள் ஒன்பது மணிக்கு என் போன் கத்தியது. இருபதாயிரம் வரவு. 'சம்பளம், துணியை மடித்து வைத்ததற்கு.'

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் போனைக் குடைந்துகொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வேலையா இருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்று விரட்டியிருந்தாள். டாக்டர் கையை விரித்த பிறகு, பன்னிரண்டு மாதத்துக்குத் தானாகப் பணம் போகும்படி உத்தரவு போட்டு வைத்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். துணி கட்டில் மேல் குவியலாகக் கிடந்தது. சம்பளம் வாங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மடித்தேன்.

இரண்டாம் மாதம், 'மாத்திரை சாப்பிட்டதற்கு.' சாப்பிட்டேன். மூன்றாம் மாதம், 'ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு.' திறந்தேன். நான்காம் மாதம், 'மாடி வீட்டுக்காரரோடு சண்டை போடாததற்கு.' அது சுலபம். சண்டை போடத் தெம்பில்லை. இரண்டாம் தேதிக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. காத்திருக்கவும் தெம்பு வேண்டுமே. ஆனால் அந்த வரி வராவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

போன வாரம் என் மகள் வந்தவள், அம்மாவின் போனை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா, வங்கிக்கு இன்னும் சொல்லவே இல்லையா? வட்டிக்கு ஆசைப்பட்டு இந்த வயசுல கம்பி எண்ணப் போறீங்களா?"

"எண்ணறதுக்கு அங்கயும் நாற்காலி இருக்கும்ல."

"விளையாடாதீங்க. கிளம்புங்க."

காரணக் கட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது?

வங்கியில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஐயா, இன்னும் எட்டு மாசத்துக்கு உத்தரவு இருக்கு. கணக்கை மூடினா எல்லாம் போயிடும். ரத்து பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் வாரிசுக்குப் படிச்சுக் காட்டணும். அது எங்க விதி."

"படிங்கம்மா" என்றேன். எட்டு மாதச் சம்பளத்தை ஒரே நாளில் யார் கொடுக்கிறார்கள்?

"அஞ்சாவது. 'சம்பளம், மகளிடம் தானாகப் போன் பண்ணிப் பேசியதற்கு.'"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். அதைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஆறாவது. 'சம்பளம், முடி வெட்டிக்கொண்டதற்கு.'"

தலையைத் தடவிப் பார்த்தேன். வெட்ட வேண்டியதுதான்.

"ஏழாவது, 'சம்பளம்.' எட்டாவது, 'சம்பளம்.'" அதிகாரியம்மாவின் குரல் தணிந்தது. "ஒம்பது, பத்து, பதினொண்ணு... எல்லாம் வெறும் 'சம்பளம்'தான் ஐயா."

அந்தக் கடைசி வாரம் அவளால் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஐந்து மாதத்தை ஒற்றைச் சொல்லாக அடித்திருக்கிறாள்.

"பன்னிரண்டாவது கொஞ்சம் நீளமா இருக்கு. படிக்கட்டுமா?"

"விதின்னு சொன்னீங்களே."

"'கடைசிச் சம்பளம். இத்துடன் உங்களை வேலையிலிருந்து நீக்குகிறேன். இனி உங்கள் இஷ்டம்.'"

பின்னால் பணம் எண்ணும் இயந்திரம் படபடத்தது. மகளின் கை என் கை மேல் இருந்தது. வெந்நீர் கொட்டிய இடம். கொஞ்சம் எரிந்தது.

"மூடறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார் அதிகாரியம்மா. "காலியா விட முடியாது."

"இறப்புன்னு போடுங்க மேடம்" என்றாள் மகள்.

"வேலை போயிடுச்சுன்னு போடுங்க" என்றேன்.

அதிகாரியம்மா மகளைப் பார்த்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கணினி ஏற்றுக்கொண்டது.