ஏழாவது ஆட்சேபம்

அந்தத் தெருவில் பதினெட்டு வீடுகள். ஒன்றுகூட ஒரு மாடிக்கு மேல் எழும்பியதில்லை. மொட்டை மாடியில் நின்றால் எந்தப் போர்வை யார் வீட்டுக் கொடியில் காய்கிறது என்று தெருக்கோடி வரை சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட தெருவின் முனையில், பழைய பட்டறை இருந்த இடத்தில், பதினான்கு மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று நகராட்சிக்காரர்கள் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். தெரு அல்லோலகல்லோலப்பட்டது.

மனு எழுத வேண்டும். எழுதுவதென்றால் டீச்சரம்மாதான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்தவள், ஓய்வு பெற்ற பிறகும் கைப்பையில் சிவப்பு மைப் பேனா இல்லாமல் வெளியே கிளம்பாதவள். தெருச் சங்கத்தின் தலைவரான மருந்துக்கடைக்காரர் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனுவைப் படித்துப் பார்த்தார்.

"தண்ணி, சாக்கடை, வெயில் மறையறது, வண்டி நிறுத்தறது, தூசி, தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்ல. ஆறு ஆச்சு. எல்லாம் நியாயம்தான் டீச்சர். ஆனா பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கே! சுருக்குன்னு ஒண்ணு வேணாமா?"

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்தாள். பேனா தானாக ஓடியது.

"ஏழு: இன்னார் என்று தெரியாத, ஒழுங்கும் பழக்கவழக்கமும் அறியாத ஆட்கள் வந்து குடியேறி, கண்ணியமான குடும்பங்களின் நிம்மதியைக் குலைப்பார்கள்."

"இதான்! இதுக்குத்தான் டீச்சர் வேணுங்கறது" என்று மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

அவளுக்கும் பெருமைதான். வாய்விட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். யாரையும் மனதில் வைத்து அவள் எழுதவில்லை என்பது சத்தியம். அப்படிப்பட்ட வாக்கியங்கள் யாரையும் மனதில் வைக்காதபோதுதான் அவ்வளவு சுலபமாக வருகின்றன.

பக்கத்து அறையில் நர்ஸம்மா சாருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். சார் என்றால் டீச்சரம்மாவின் புருஷன். நாலு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதிதான் வரும். அந்தப் பாதியும் கேலிதான். அன்றிலிருந்து நர்ஸம்மா தினமும் விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பாள். ஒருநாள் செருப்பு வார் அறுந்து, கையில் செருப்போடு ஓடிவந்தாள். அன்றைக்கும் மணி ஏழுதான்.

அவள் கிளம்பும்போது டீச்சரம்மா மனுவை அவள் கையில் கொடுத்தாள். "போற வழியில இருபது காப்பி எடுத்துடும்மா." மறுநாள் இருபதும் ஓரம் பிசகாமல் அடுக்கி, கிளிப் போட்டு வந்தன.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் விசாரணை. நகராட்சிக் கூடத்தில் முன்வரிசை முழுக்கத் தெருக்காரர்கள். அங்கே ஒரு வழக்கம். உதவியாளர் ஒவ்வொரு ஆட்சேபமாகப் படிப்பார். அது யாருடையதோ அவர் எழுந்து நின்று பேச வேண்டும். தண்ணீருக்குத் தபால்காரர் எழுந்து பேசினார். தூசிக்கு ஆஸ்துமாக்காரர் எழுந்து இருமினார்.

ஆறாவது முடிந்தபோது டீச்சரம்மா தற்செயலாகத் திரும்பினாள். பின்வரிசையில், வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்த நர்ஸம்மா, மடியில் பையோடு.

"இவ எங்க இங்க?" என்று தபால்காரரிடம் கேட்டாள்.

"அதுவா? கட்டடத்துல கீழ் ரெண்டு மாடி, இந்த வட்டாரத்துல வேலை பாக்கறவங்களுக்கு. வாடகை கம்மி. விண்ணப்பம் போட்டவங்க எல்லாம் பின்னாடி உக்காந்திருக்காங்க."

அதற்குள் உதவியாளர் ஏழாவதைப் படிக்கத் தொடங்கிவிட்டார். மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற குரல். 'ஒழுங்கும் பழக்கவழக்கமும் அறியாத ஆட்கள்' என்று அந்தக் குரல் சொன்னபோது டீச்சரம்மாவுக்குக் காது மடல் சுட்டது.

"இது யாருடையது?" என்றார் அதிகாரி.

மருந்துக்கடைக்காரருக்குத் திடீரென்று கைக்கடிகாரத்தில் ஏதோ கோளாறு. தபால்காரர் முழங்கையால் இடித்தார். "டீச்சர், உங்களுது."

டீச்சரம்மா குனிந்து பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"யாரும் இல்லையா?" அதிகாரி கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, எழுதின ஆளே இல்லாத ஆட்சேபம். அடிச்சுடுங்க."

உதவியாளர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். தண்ணீர் விஷயத்துக்காக அடுத்த வாரம் மறுபடி கூடுவது என்று சபை கலைந்தது. டீச்சரம்மா பின்பக்கம் திரும்பாமலே வெளியே போனாள்.

மறுநாள் ஆறு மணியிலிருந்து அவள் வாசலில் நின்றாள். இன்றைக்கு நர்ஸம்மா வரமாட்டாள், வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது? ஏழடிக்கும்போது நர்ஸம்மா வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கை கழுவினாள். சாரை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றினாள்.

"அந்த ஏழாவது..." என்று டீச்சரம்மா கதவோரம் நின்று ஆரம்பித்தாள்.

"தெரியும். காப்பி எடுக்கறப்பவே படிச்சேன்."

அப்படியென்றால் இரண்டு வாரமாக இவள் தெரிந்துதான் வந்திருக்கிறாள். தெரிந்துதான் குளிப்பாட்டினாள், தெரிந்துதான் நகம் வெட்டினாள்.

"ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

"என்னன்னு கேக்கறது? 'அந்த ஆட்கள்ல நானும் சேர்த்தியா'ன்னா?" நர்ஸம்மா சோப்பு நுரையைச் சாரின் கன்னத்தில் தடவினாள். "தண்ணிய பத்தி நீங்க எழுதினது சரி. அந்தக் குழாய் பதினாலு மாடிக்குப் பத்தாது. நான் குடிவந்தா எனக்கும்தான் தண்ணி வேணும்."

சார் நுரைக்குள்ளிருந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எழுதினதுகூடப் போகட்டும்" என்றாள் நர்ஸம்மா, சவரக் கத்தியை மெதுவாக இழுத்தபடி. "நேத்து நீங்க எந்திரிச்சிருந்தா, எங்க டீச்சர்தான் எழுதினாங்கன்னு கோவப்பட்டிருப்பேன். யாருமே எழுதலைன்னு ஆயிடுச்சு. இப்ப நான் யார்கிட்ட கோவப்படறது?"

"என்கிட்ட." கதவோரத்திலிருந்து உள்ளே வந்து மறுபடி சொன்னாள். "என்கிட்டதான் கோவப்படணும். அடுத்த வாரம் அங்கேயே எந்திரிச்சுச் சொல்றேன்."

நர்ஸம்மா கத்தியைத் துடைத்தாள்.

"வெந்நீர்" என்றாள்.

நாலு வருடமாக 'வெந்நீர் டீச்சர்' என்றுதான் கேட்பாள். டீச்சரம்மா போய்க் கொண்டுவந்தாள். வைக்க இடமில்லாமல் இல்லை. ஆனாலும் பாத்திரத்தைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள். உட்கார் என்று சார் இடது கையால் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் முடிகிறவரை, அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.