இணைந்து எழுதியவர்: வெனிங்

இரண்டு பேர் சேர்ந்து நிரல் எழுதுவது என்றால், ஆளுக்குப் பாதி எழுதிவிட்டு ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு திரை, இரண்டு கீபோர்டு. ஒருவர் தட்டுவார், மற்றவர் தொடவே கூடாது. தட்டுகிறவரின் கண் இந்த வரியில் இருக்கும். பக்கத்தில் இருப்பவரின் கண், இந்த வரி எங்கே போய் முட்டப்போகிறது என்பதில் இருக்கும். கோழி வடிவத்தில் ஒரு சமையல் கடிகாரம் வைத்திருந்தோம். அது கிணுகிணுத்ததும் முறை மாறும்; தட்டியவர் கையைத் தூக்கிவிட வேண்டும், பாதிச் சொல்லில் இருந்தாலும்.

சுரபாயாவில், துறைமுகச் சாலை அலுவலகத்தில் நானும் வெனிங் அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கப்பலில் லாரிகளுக்கு இடம் பதியும் நிரல் எங்களுடையது. ஒரு வேலை முடிந்து அதை, எல்லோர் நிரலும் இருக்கும் பொதுக் கிடங்கில் சேர்க்கும்போது, கடைசியில் ஒரு வரி வரும்: 'இணைந்து எழுதியவர்'. அதன் பக்கத்தில் மற்றவர் பெயரும் சொந்த மின்னஞ்சல் முகவரியும். தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு, அது தானாக விழும்படி என் கணினியில் ஒருமுறை எழுதிவைத்தோம். பிறகு அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பல் துலக்குவதை யாராவது நின்று பார்ப்பார்களா?

போன நவம்பரில் அக்கா மக்கஸ்ஸாரில் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மறுநாளே எங்கள் மேலாளர் சுவோண்டோ வந்தார்.

"இனிமே ஆளுக்கொரு வேலை, லாரஸ். ரெண்டு சம்பளம் போகுது, ஒரு கீபோர்டுதான் ஓடுதுன்னு மேல கேக்குறாங்க."

முதல் வாரம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏன், எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 'ஏன்' இல்லாமல் எனக்கு யோசிக்கவே வரவில்லை என்று. என்னையறியாமல் உரக்கப் பேசிக்கொண்டிருப்பேன். அடுத்த மேசை தமார் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவான்.

"என்னையாக்கா கூப்பிட்டீங்க?"

"இல்லப்பா."

மறுபடி மாட்டிக்கொள்வான். இரண்டாவது கீபோர்டு செருகியபடியே கிடந்தது. தூசி படிந்தால் துடைப்பேன்.

நோன்பு மாதம் பிறக்குமுன்பே, பெருநாளுக்கு ஊர் திரும்பும் கூட்டத்துக்காக, மக்கஸ்ஸாரிலிருந்து கிளம்பும் கப்பல்களையும் எங்கள் நிரலில் சேர்க்கச் சொன்னார்கள். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு லாரி வாசல் மூடவேண்டும். சின்னக் கணக்குதான். எழுதிச் சேர்த்தேன். எங்களிடம் ஒரு சோதனைக்காரன் இருக்கிறான். ஆள் இல்லை, நிரல்தான். புதிதாக எது வந்தாலும் ஓட்டிப்பார்ப்பான். தவறென்றால், எழுதியவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் போடுவான்; அது சரியானதும் இன்னொன்று. 'பத்து மணிக் கப்பலுக்கு எட்டு மணிக்கு மூடவேண்டும், ஒன்பது வருகிறது' என்றான். காலை முழுக்க முறைத்தேன். பத்தில் இரண்டு போனால் எட்டு. ஒன்பது எங்கிருந்து வந்தது? மாற்றி மாற்றிச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல்.

மதியம் போன் அடித்தது.

"ஏண்டி, என்னை இங்கேயும் நிம்மதியா இருக்க விடமாட்டியா?"

"அக்கா!"

"அக்காவாவது கொக்காவாவது. காலையிலேருந்து உன் சோதனைக்காரன் எனக்குக் கடுதாசி போட்டே கொல்றான். என் பேரு எப்படி இன்னும் அதுல வருது?"

அப்போதுதான் அந்தத் தானியங்கி வரி நினைவுக்கு வந்தது. மூன்று மாதமாக நான் தனியாக எழுதியதெல்லாம் அக்காவோடு எழுதியதாகப் பதிவாகியிருந்தது. அதுவரை சோதனைக்காரன் ஒரு தவறும் பிடிக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

"மறந்தே போச்சுக்கா."

"எங்க தலைவர் பின்னாடி நின்னு பாத்துட்டார். 'பழைய ஆபீசுக்கு இன்னும் வேலை பாக்குறியா?'ன்னார். இங்க அது பெரிய குத்தம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல, லாரஸ். இன்னைக்குச் சிரிச்சிட்டுப் போயிட்டார். இன்னொரு தடவை வந்தா சிரிக்கமாட்டார்."

"இப்பவே எடுத்துடுறேன்."

"எடு." போனை வைக்காமல், "அங்க உன் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?" என்றார்.

"யாருமில்ல. உங்க பக்கத்துல?"

"சுவரு. நல்ல சுவரு, எதிர்த்துப் பேசாது. சரி, சாப்பிட்டியா? மணி ஒன்னாச்சே."

"இங்க பன்னெண்டுதான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, பழைய குரல்:

"லாரஸ். உன் பத்து மணி, யார் கடிகாரத்துல பத்து?"

என் நாற்காலி தானாக முன்னால் நகர்ந்தது. மக்கஸ்ஸார் எங்களுக்கு ஒரு மணி முந்தி ஓடுகிறது. அந்த ஊர்ப் பத்தை நான் சுரபாயாவின் பத்தாக எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே அது பதினொன்று. இரண்டைக் கழித்தால் ஒன்பது.

"கப்பல்கூடவே அந்த ஊர் நேரத்தையும் சேத்து வெச்சுடவா?"

"கப்பலோடயா, துறைமுகத்தோடயா? கப்பல் நகரும்டி."

"துறைமுகத்தோட."

"ம், தட்டு."

தட்டினேன். அவர் பார்க்காமலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன தட்டுற, வாயைத் தொறந்து சொல்லு" என்று ஒருமுறை அதட்டினார். தமார் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். நான் அவனைக் கவனிக்கவில்லை.

முடிந்தது. சேர்க்கப் போனேன். திரையின் அடியில் அந்த வரி வழக்கம்போல் வந்து நின்றது: 'இணைந்து எழுதியவர்: வெனிங்'. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அது உண்மை.

"என்ன, சத்தத்தைக் காணோம்?"

"உங்க பேரு வந்து நிக்குதுக்கா."

"எடுத்துடு."

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். தானாக விழச்செய்த வரியையும் தேடி அழித்தேன். பிறகு சேர்த்தேன்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"நல்லது. சாப்பிடப் போ. எனக்கும் நேரமாச்சு."

சோறும் ரவோன் கறிக்குழம்பும் வாங்கிவந்து மேசையிலேயே சாப்பிட்டேன். சோதனைக்காரனின் மின்னஞ்சல் வந்தது: எல்லாம் சரி. பெறுநர் இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.