கீழ்த்தளத்துக்கு வந்த வெயில்

எந்த அறைக்கும் யோசனை சொல்வதற்கு முன், அந்த அறையின் மிக இருண்ட மூலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஒரு பகல் முழுவதும் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பது அலங்காரக்காரரின் வழக்கம். அவ்வழக்கத்தைக் கைக்கொண்ட இருபத்தாறாம் ஆண்டில், ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளச் சுவரில் அவர் வர்ணத்தால் தீட்டிய ஜன்னல் வழியாக, மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு வெயில் உள்ளே வந்தது. வந்த வெயில் தலைமை எழுத்தர் அம்மாளின் மேசையில் விழுந்து, கோப்புகளின் மேல் ஏறி இறங்கி, எதிர்ச்சுவரைத் தொட்டு நின்றது. தட்டச்சு செய்பவர் எழுந்து போய் அதில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று தெரிவித்தார். பிறகு எல்லோரும் வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று நிலுவையில் நிறையக் கோப்புகள் இருந்தன.

அலங்காரக்காரர் தனிக்கட்டை. மங்கிய அறைகளைத் தெளிய வைப்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த தொழில். மேற்கூரைக்குச் சுவரைவிட ஒரு படி வெளிறிய நிறத்தைக் கொடுத்தால் அறை உயர்ந்துவிடும் என்பார். விளக்குக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் ஒரு விளக்கு இரண்டாகும். ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்த வர்ணம் வேண்டாம், நாலு தோள் போதும். சாம்பல் நிற நாற்காலி வரிசையில் ஒரே ஒரு மஞ்சள் திண்டு. இரண்டு வைத்தால் கெட்டது. பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பறைக்கு அவர் இளம்பச்சை அடித்துக் கொடுத்த பிறகு, முறை வந்தும் நோயாளிகள் எழுந்திருக்க மறுத்ததாகவும், மருத்துவர் அறையில் பாதியைப் பழைய நிறத்துக்கே திருப்பிய பின்தான் பற்களைப் பிடுங்க முடிந்ததாகவும் சொல்வார்கள்.

ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளமோ அவருடைய யோசனைகளையெல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டது. முப்பத்திரண்டு பேர் வேலை செய்த அந்த நீளமான அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. சுவர்கள் ஆறிப்போன தேநீரின் நிறம். தட்டச்சு செய்பவருக்கு ஓயாத தலைவலி. ஊமையார் என்று அழைக்கப்பட்ட எழுத்தர் ஒருவர் அங்கு இருந்தார். அவர் ஊமையல்லர், மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து பேச வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை, அவ்வளவுதான். தொட்டிச் செடிகள் வைக்கலாமே என்று அலங்காரக்காரர் சொன்னபோது தலைமை எழுத்தர் அம்மாள் கையை விரித்தார்.

"வெச்சோம் சார், மணி பிளான்ட். எங்க வெச்சாலும் வளருமாம். ஒரே வாரத்துல அதுவே மாற்றல் கேட்டுடுச்சு."

ஆகவே, ஒரு ஜன்னலையே வரைந்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார். அதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கற்பனையாக வரைந்த ஜன்னலைக் கண் நம்பாது. எங்கேனும் உள்ள ஜன்னலின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, கோடு மாறாமல் நகலெடுத்து, கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, அக்காகிதத்தைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் பொட்டணத்தால் தட்டினால், துளை வழியே தூள் இறங்கிச் சுவரில் புள்ளி புள்ளியாக அந்த ஜன்னலே பதியும். பிறகு தூரிகைக்கு வேலை எளிது. அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த ஜன்னல் தங்கை வீட்டு முன்னறையில் இருந்தது. கிழக்குப் பார்த்தது, ஐந்து கம்பிகள், மூன்றாவது கம்பி இலேசாக வளைந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தோடு அவர் போய் நின்றதும் தங்கையின் முகம் மலர்ந்தது. அந்த ஜன்னலுக்குத் திரை தைத்துத் தருவதாக அவர் வாக்களித்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குத்தான் அளவெடுக்கிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவர் அந்த எண்ணத்தைத் திருத்தவில்லை.

அந்த முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், தங்கையின் கணவர் படுத்திருந்தார். பேருந்து ஓட்டியவர், இடுப்பு முறிந்த பிறகு எழுந்ததில்லை. இருபது ஆண்டுகள் முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த ஜன்னல் இரண்டாவது முன்கண்ணாடி. சைக்கிள் பழுது பார்க்கும் கடை, கிளை ஒடிந்த மரம், தெருக்குழாய், வருவோர் போவோர் எல்லாம் அவருடைய வழித்தடத்தில் அடக்கம். காப்பகத்தில் வெயில் விழுந்த அதே காலை ஒன்பதேகாலுக்கு அவருடைய ஜன்னல் அணைந்தது. கம்பிகள் இருந்தன, கண்ணாடி இருந்தது, சத்தங்கள்கூட வந்தன. வெயில் மட்டும் வெளியே விளிம்பு வரை வந்து நின்றுகொண்டது. கண்ணாடிக்கு அப்பால் ஆறிப்போன தேநீரின் நிறத்தில் ஓர் இருட்டுத்தான் தெரிந்தது. கண் மருத்துவர் வந்து அவருடைய கண்களில் பழுதில்லை என்று எழுதித் தங்கையிடம் கொடுத்தார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரிலும் பழுதில்லை என்றார். கட்டிலை வேறிடம் மாற்ற வழியில்லை. இருந்தது அந்த ஓர் அறையும், கட்டில் நுழையாத ஒரு சமையலறையும்தான்.

அந்த வாரமே அலங்காரக்காரருக்கு உண்மை தெரிந்துவிட்டது. காப்பகத்து ஜன்னலில் நின்று பார்த்தபோது சைக்கிள் கடையும் ஒடிந்த கிளையும் தெரிந்தன. சற்று நேரத்தில் ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து கம்பிக்கொடியில் உதறிக் காயப்போட்டாள். அவள் அவருடைய உடன்பிறந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற தட்டச்சு செய்பவர், "இந்த அம்மாவுக்கு நாங்க கொடிக்கார அக்கான்னு பேர் வெச்சிருக்கோம் சார். உதறுற உதறுல நம்ம மேல தண்ணி தெறிக்கும் போல இருக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தலைவலி நின்று நான்கு நாட்களாகியிருந்தன. ஊமையார் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தம் முதல் வாக்கியத்தைச் சொன்னார். அதைக் கேட்டு அங்கே இரண்டு பேர் அழுதார்கள். இதற்கிடையில் தாம் எதையும் சொல்வது முறையல்ல என்று அலங்காரக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனிதன் தன் தவற்றுக்குத் தேடும் போர்வைகளில், பிறருடைய நன்மை என்னும் போர்வைதான் மிகவும் கதகதப்பானது. அந்த ஒரு ஜன்னலால் அவர் பெயர் பரவியது. அதன்பின் அவர் எதையும் நகலெடுக்காமல் வெறும் கையால் வரைந்த எந்த ஜன்னலிலும் வெயில் வரவில்லை என்பதை யாரும் குறையாக எண்ணவில்லை.

"ஊர்ல இருக்கற ஆபீசுக்கெல்லாம் வெளிச்சம் போடறே, என் வீட்டையும் ஒரு கண்ணு பாரேன் அண்ணா," என்று தங்கை கேட்டாள். அவர் பார்த்தார். நான்கு ஆண்டுகள் பார்த்தார். தாம் அறிந்த யோசனைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் அந்த அறையில் செய்தார். வெளிர்மஞ்சள் அடித்தார், மாலைக்குள் அது மங்கிற்று. கண்ணாடி மாட்டினார்; அது இருட்டை இரண்டாக்கியது. வெள்ளை விரிப்பு, பளபளக்கும் பித்தளைக் குவளை, கூரையில் ஒரு படி வெளிறிய நிறம், மூன்று வகை விளக்குகள் எல்லாம் வந்து தோற்றுப்போயின. தங்கையின் கணவர் ஒவ்வொரு முறையும் படுத்தபடியே மேற்பார்வை செய்தார்.

"போதும் மச்சான். இன்னும் ரெண்டு கோட் அடிச்சா ரூம் சின்னதாப் போயிடும். அப்புறம் என்னைக் கட்டிலோட தெருவுல போடணும்." கண்களை ஜன்னல் பக்கம் திருப்பி, "அப்படியே போட்டாலும் நல்லதுதான். தெருவையாவது பாக்கலாம்," என்றார்.

அலங்காரக்காரர் தூரிகையைக் கழுவச் சமையலறைக்குப் போனார். அங்கே தூரிகை சுத்தமான பிறகும் நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் ஆண்டின் இறுதியில், ஒரு நண்பகலில், பேருந்து ஓட்டியவர் போய்ச் சேர்ந்தார். தெருவில் ஏதோ வண்டி சென்ற ஓசை கேட்டு, என்ன நிறம் என்று கேட்டார். தங்கை வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து நீலம் என்று சொன்னபோது, கேட்டவர் இல்லை. மறுநாள் உடலை எடுத்தார்கள். அலங்காரக்காரர் வண்டி வரையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காப்பகத்திலிருந்து ஆள் வந்து அவரை அழைத்தார். கீழ்த்தளத்தில் முப்பத்திரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொடிக்கார அக்காவின் வீட்டிலிருந்து உடலைத் தூக்கிச் சென்றபோது அலுவலகமே எழுந்து நின்றதாகவும், ஊமையார் வாய்விட்டு அழுததாகவும் தலைமை எழுத்தர் அம்மாள் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களையும் பாத்தோம் சார். முன்னாடி தோள் குடுத்தது நீங்கதானே?"

அவர் தலையசைத்தார்.

"அந்த அக்கா உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி," என்றார். பிறகு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, காகிதம் விரித்த ஞாயிற்றுக்கிழமை முதல் நீல வண்டி வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது வெயில் எதிர்ச்சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. அதிலிருந்து எல்லோரும் நாற்காலிகளைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"அப்போ நாலு வருஷமா ஒரு சீக்காளியோட வெயில்லயா நாங்க உக்காந்திருந்தோம்?" என்றார் தலைமை எழுத்தர் அம்மாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நாங்க என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

செத்தவருக்கு இனி வெயில் எதற்கு என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஊமையார் திரும்பிப் பார்த்து, "இருக்கறவங்களுக்கு வேணும்யா," என்றார். அலங்காரக்காரர் சுவரில் காகிதத்தை விரித்து, தாம் வரைந்த ஜன்னலை மீண்டும் நகலெடுத்து, புள்ளி புள்ளியாக ஊசி குத்தினார். ஊமையார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தங்கையிடம் சொல்வது காப்பகத்தில் சொன்னதைப்போல் எளிதாக இல்லை. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று அவர் ஆயத்தமாக வந்திருந்தார். அவள் கோபப்படாததற்கு அவரிடம் ஆயத்தம் இல்லை.

"தெனம் கேப்பாரு," என்றாள் கடைசியில். "கண்ணு கெட்டுப்போச்சா, இல்ல ஜன்னல் கெட்டுப்போச்சான்னு. டாக்டர் சீட்டைக் காட்டாம, கண்ணுதான்னு நான் சொல்லிட்டேன். ஜன்னல் கெட்டுப்போச்சுன்னா நீ செஞ்ச வேலையைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும், நீ மனசு கஷ்டப்படுவேன்னு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணு கெட்டுப்போன மனுஷனாவே போயிட்டாரு அண்ணா."

அவர் எழுந்து, காப்பகத்திலிருந்து கொண்டுவந்த காகிதத்தைக் கண்ணாடியின் மேல் ஒட்டிப் பொட்டணத்தால் தட்டினார். முதலில் ஊசித்துளை ஊசித்துளையாக வெளிச்சம் கசிந்தது, பிறகு கோடாயிற்று, பிறகு காகிதமே சருகைப் போல் உதிர, நான்காண்டு வெயில் ஒரே சமயத்தில் உள்ளே விழுந்தது. மங்கிப் போயிருந்த வெளிர்மஞ்சள், பித்தளைக் குவளை, கண்ணாடி, கூரை எல்லாம் ஒருங்கே உயிர்பெற்றன. அறை அவருடைய வாழ்நாளிலேயே மிக அழகிய வேலையாக நின்றது. வெள்ளை விரிப்பின் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. இருவராலும் அதைப் பார்க்க முடியவில்லை. வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை.

காப்பகத்து ஜன்னல் வெறும் வர்ணமாகிவிட்ட செய்தி அன்றே வந்தது. யாரும் முறையிடவில்லை. தட்டச்சு செய்பவர் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். ஊமையார் நாற்காலியைத் திருப்பாமல் வர்ணத்தையே பார்த்தபடி இருந்தார்; இரண்டு வாரமாக ஒரு சொல்லும் இல்லை. அதைக் கேள்விப்பட்ட அலங்காரக்காரர் தம் வீட்டு முன்னறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அவ்வீட்டுக்கும் இருந்தது ஒரே ஜன்னல்தான். தெற்குப் பார்த்தது, எதிரே ஒரு சலவைக் கடையும் ஆட்கள் கூடும் ஒரு திருப்பமும் உண்டு. மறுநாள் அவர் பெரிய காகிதமாக ஒன்று வாங்கி வந்தார். அகலமான ஜன்னலில் ஒற்றை ஆளாகக் காகிதம் விரிப்பது ஆகாத காரியம். ஒரு முனையை ஒட்டினால் மறுமுனை சுருண்டது. மூன்றாம் முறை சுருண்டபோது அதை ஒரு கை வந்து பிடித்தது. அன்றைக்குப் பின் அவரோடு ஒரு சொல்கூடப் பேசாமலிருந்த தங்கைதான் அது; எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா யோசிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு வருஷம் யோசிச்சிருக்கேன்."

அவள் மேல்முனையைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவர் ஊசியை எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் நாள் முழுவதும் தெற்கு வெளிச்சம் இருக்கிறது. சலவைக் கடைக்காரருக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அலங்காரக்காரரின் வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது. மின்சாரம் அளக்க வருபவர் கைவிளக்கோடு வருகிறார், குறித்துக்கொண்டு போகிறார்.