மேகம் விலகும்வரை

போஸ் கொடுத்த முகம் பொய் முகம் என்பான் தம்பி. யாராவது கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் போதும், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு மூடியைப் போட்டுவிடுவான். ஃப்ளாஷ் என்ற பேச்சே ஆகாது. இயல்பான வெளிச்சத்தில், ஆள் தன்னை மறந்திருக்கும் நொடிக்காகக் கொக்கு மாதிரி மணிக்கணக்கில் காத்திருப்பான். வேறெந்த வேலைக்கும் அவனுக்கு அந்தப் பொறுமை வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அன்று அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் தையல் கடையில் கொடுத்தாக வேண்டும். இந்தத் தடவையும் தாமதமானால் இனிமேல் வேலை கிடையாது என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். கடைசிப் பொத்தானில் நூல் தீர்ந்துபோனது. கொஞ்ச நாளாகவே கிட்டத்தில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஊசிக்காதைத் தேடி நூலை நீட்டுவாள், தவறும். நுனியை எச்சில் தொட்டு முறுக்குவாள், மறுபடியும் தவறும்.

அறைக்கதவுக்குப் பின்னால் தம்பி கேமராவோடு நின்றிருந்தான். வெளியே மேகம். அது விலகினால் வெளிச்சம் நேராக அவள் கன்னத்தில் விழும். அதற்குள் நூலைக் கோத்துவிடக் கூடாதே என்று, பாவி, மனசுக்குள் வேண்டிக்கொண்டான்!

"தம்பி, இருக்கியாடா? இதக் கொஞ்சம் கோத்துக் குடுடா" என்று அவள் குரல் கொடுத்தாள்.

அவன் மூச்சுக்கூட விடவில்லை. ஒரே நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. மேகம் விலகியது, எடுத்தான். படம் அமைந்த குஷியில் பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போயே விட்டான்.

அக்கா எப்படியோ நூலைக் கோத்து முடித்து, கோட்டு நாலே முக்காலுக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை போயிற்று.

படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பும்போது அவனுக்குக் கை கூசத்தான் செய்தது. ஆனாலும் அனுப்பினான். தேர்வாகி, பெரிதாக அச்சிட்ட பிரதி ஒன்று வீட்டுக்கே வந்தது. அதை அவன் ஒளித்துவைப்பதற்குள் அக்கா உறையைப் பிரித்துவிட்டாள்.

"அட, நானாடா இது! இவ்வளவு லட்சணமாவா இருக்கேன்?"

முகமெல்லாம் பூரித்துப்போய், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் படத்தில் மடியில் கிடந்த கோட்டு கண்ணில் பட்டது. அப்புறம் கையிலிருந்த ஊசி. சிரிப்பு நின்றது.

அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. "அக்கா, வந்து..." என்றான். திட்டட்டும், கிழித்து மூஞ்சியில் எறியட்டும் என்று தலைகுனிந்து நின்றான்.

அவள் திட்டவில்லை. படத்தை மேஜைமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கு வீட்டுல யாருமே இல்லன்னு நெனச்சுட்டேன்டா" என்றாள்.