விருந்து நாளில் வேக ஊசி

சமையலறைக் கதவுக்குப் பின்னால் வுகாஷின் தன் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டதை அவர் மனைவி தேசான்கா பார்த்தபோது சூப் மேசைக்குப் போய்விட்டிருந்தது. குலப் புனிதர் நிகோலாவின் திருநாள். பதினான்கு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வழக்கப்படி வீட்டுக்காரர் மட்டும் உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி கோட்டை மாட்டும்வரை நின்றுகொண்டே ஊற்ற வேண்டும், சாப்பாடு அதற்கப்புறம்தான்.

"எந்த ஊசி போட்ட?"

"எல்லாம் இன்சுலின்தானே."

பேனா வடிவ ஊசியைப் பிடுங்கினாள். ஆரஞ்சு மூடி. போன மாதம் மருத்துவர் சேர்த்த சாப்பாட்டு ஊசி. ஏழு வருஷமாக இரவில் போடுகிற பச்சை மூடி ஊசி சாது. நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்யும், சாப்பாட்டுக்காகக் காத்திருக்காது. இது கால் மணியில் கிளம்பும், ஒரு மணியில் உச்சத்துக்குப் போகும். வயிற்றில் ரொட்டி இல்லையென்றால் இரத்தத்துச் சர்க்கரையை வழித்துவிடும். மருத்துவர் இதைச் சொன்னபோது, வெளியே காருக்கு அபராதச் சீட்டு ஒட்டுகிறார்களா என்று இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனே சாப்பிடு."

"நாப்பது வருஷமா நின்னவன் நான். எங்கப்பன் கால் ஒடிஞ்சப்பகூட கட்டையை ஊனிக்கிட்டு நின்னான்."

"உங்கப்பன் ஊசி போட்டுக்கல."

அவர் மது ஜாடியோடு போய்விட்டார். ஊரைப் பொறுத்தவரை அவர் சர்க்கரைக்கு வெறும் மாத்திரை போடுகிறவர். ஊசி சமாச்சாரம் தெருவுக்குத் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

அரை மணியில் நெற்றி வியர்த்தது. மதுவைக் கோப்பைக்குப் பதில் மேசை விரிப்பில் ஊற்றினார்.

"தேசான்கா, உன் ஆளுக்குக் கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?" என்றாள் பக்கத்து வீட்டு மிலுன்கா. தட்டில் இருப்பதைவிட மற்றவர் முகத்தில் இருப்பதுதான் அவளுக்கு ருசி.

"அடுப்புச் சூடு."

தேசான்கா அவர் கோப்பையில் செர்ரிப் பாகை நிரப்பினாள். வாழ்த்துச் சொல்கிற சாக்கில் குடித்தார். கொஞ்சம் தெளிந்தார். ஆனால் பாகின் தெம்பு சீக்கிரம் இறங்கிவிடும், ஊசியோ இன்னும் மூன்று மணி நேரம் ஓடும். நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள். பொத்தென்று விழுந்தார். கையில் ரொட்டியைத் திணித்தாள்.

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டால் விருந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். வுகாஷினின் மாமா வாயைத் துடைத்தார், இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். மீனோ இன்னும் அடுப்பில்.

"உக்காருங்க எல்லாரும்," என்றாள் தேசான்கா. "அவர் வேக ஊசி போட்டிருக்கார். தின்னே ஆகணும்."

வுகாஷினின் காது சிவந்தது.

"ஊசிதானே, தெரியும். மருந்துக்கடையில எனக்கு முன்னாடிதான் நின்னார்," என்றாள் மிலுன்கா. "மீன் எங்கடி?"

ரொட்டியோடு எழப் பார்த்தவரைத் தோளில் கைவைத்து அழுத்திவிட்டு, தேசான்கா தானே ஜாடியை எடுத்தாள். மாமாவின் கோப்பை வழிந்தது. அவள் கண் புருஷனின் தாடை அசைகிறதா என்பதில் இருந்தது.