இருபதாம் எண்

அப்பாவின் கட்டிலுக்கு எதிரே, அலமாரி மேல் கேமராவை வைத்தது மகள்தான். அம்மா போன பிறகு, ஒருமுறை குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மனிதரைத் தனியே விட்டுவிட்டு, அவள் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. இடையிடையே போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள்.

அதிலும் ஒரு தலைவலி. வீட்டிலுள்ள போன், டிவி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ரவுட்டர்தான் விலாசம் போல ஆளுக்கொரு ஐபி எண் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் எண்களை இஷ்டத்துக்கு மாற்றிவிடும். ஒருநாள் கேமராவின் பழைய எண்ணில் அப்பாவைத் தேடிப் போனவளுக்குப் பிரிண்டரில் மை குறைவு என்ற சேதிதான் கிடைத்தது.

அந்த வாரமே கேமராவுக்கு இருபது என்று நிரந்தரமாக ஓர் எண்ணைப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஆள் அண்ணன். ரவுட்டரை மாட்டியவனே அவன்தான். "அப்பாவை ஹோம்ல சேத்துடலாம்" என்று சொன்னவனும் அவன்தான். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அன்றைக்கு அவள் கத்தினாள். அவனும் மிதிக்கவில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எண் போட்ட பிறகு கேமரா சமர்த்தாக இருந்தது. சில மதியங்களில் மட்டும் படம் கறுத்துப்போகும். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. அப்பாவைக் கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், அதுவும் கண்ணசந்திருக்கும்" என்பார்.

அன்றும் கறுத்தது. அப்பாவை அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். சோதனைக்கு உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் பறந்தாள்.

கதவைத் திறந்தால், அப்பா முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில். பக்கத்தில் ரேசரும் கையுமாக அண்ணன். அப்பா தானே சவரம் செய்துகொள்கிறார் என்று கடை முழுக்கப் பெருமையடித்தவள் அவள்.

"போனை ஏன் எடுக்கல?"

"காதெல்லாம் நுரைம்மா."

"கேமராவை அணைச்சது நீதானே?" என்று அண்ணனிடம் திரும்பினாள்.

"நான் எதையும் தொடல. அதுக்கு நம்பர் ஏதாவது போட்டியா?"

"இருபது."

அவன் தன் போனைத் தட்டிப் பார்த்தான். "எனக்கும் இருபதுதான் வந்திருக்கு. நீ கேமராவுல மட்டும் போட்டுட்டு ரவுட்டர்கிட்ட சொல்லாம விட்டுட்ட. இருபது காலின்னு நெனச்சு அது புதுசா வர்றவனுக்குக் குடுத்துடுது. ஒரே நம்பர்ல ரெண்டு பேர் நின்னா கேமரா எப்படித் தெரியும்?"

வைஃபை பாஸ்வேர்டு அவன் வைத்ததுதான். அதை மாற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோபம் வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டில் தன்னை விட்டால் ஆளில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாளே.

லேப்டாப்பைத் திறந்து, இருபதைக் கேமராவுக்கென்று ரவுட்டரிலேயே ஒதுக்கினாள். கோளாறு அதோடு தீர்ந்தது.

"உன் போனைக் குடு."

"பிளாக் பண்ணப் போறியா?"

அவள் போனை வாங்கிக்கொண்டாள். அவன் போனுக்கு இருபத்தொன்றை ஒதுக்கி, பெயர் கேட்ட கட்டத்தில் 'அண்ணன்' என்று அடித்தாள். அது தேவையே இல்லாத வேலை. அவனுக்கும் அது தெரியும்.

"அப்ப இனிமே இவன் வந்தா கேமரா நிக்காதா?" அப்பா கவலையோடு கேட்டார்.

"நிக்காதுப்பா. நல்லாவே தெரியும்." அண்ணனைப் பார்த்து, "அந்தப் பக்கக் கன்னத்தை முடி. நுரை காயுது" என்றாள்.

கடைக்குத் திரும்பியதும் போனைத் திறந்தாள். அண்ணன் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துக் கேமராவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு நேராகவே உட்கார்ந்தான்.