சுருங்கிய ஏணி

ஒருவழியாக நிலவில் இறங்கிவிட்டார்கள். விண்கலம் கட்டி ஓட்டும் அந்த வீடியோ கேமில் கணவனும் மனைவியும் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டி, ஐந்து கலங்களைச் சுக்குநூறாக்கி, ஆறாவதைத்தான் தரையில் நிற்கவைத்திருந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள்.

"ஏணியை விடுங்க, சார் இறங்கப் போறாரு."

அவன் பொத்தானை அழுத்தினான். கலத்தின் வயிற்றோடு ஒட்டியிருந்த ஏணி தரைவரை நீண்டது. விண்வெளி வீரரை அவள் ஒவ்வொரு படியாக இறக்கினாள். "இருட்டா இருக்கே, லைட்டைப் போடுங்க" என்றாள் பாதி வழியில். அவன் விரல் மறுபடியும் ஏணிப் பொத்தானிலேயே விழுந்தது. ஏணி சரேலென்று சுருங்க, பிடி விட்டுப்போன வீரர் கையைக் காலை உதறிக்கொண்டு போய் விழுந்தார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல மெக்கானிக் போங்க!" என்று திரும்பினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சுங்க?"

"கொக்கியை நான்தான் மாட்டல."

"எந்தக் கொக்கி?"

"நெட்டையன் ஏறின ஏணில."

நெட்டையன் பதினோரு வருஷம் அவனோடு ஒரே வேனில் வேலைக்குப் போனவன். எட்டு மாதம் முன்பு, லிஃப்ட் குழிக்குள் நீட்டி வைத்த ஏணி சுருங்கிச் சரிந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. நெட்டையனே ஏணியை நீட்டிவிட்டு, அது சுருங்காமல் பிடிக்கும் கொக்கியை மாட்ட மறந்துவிட்டான் என்று இவன் எழுதிக்கொடுத்தான். அலுவலகம் நம்பியது. அவளும் நம்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நெட்டையனின் மனைவியிடம், "அண்ணன் கொஞ்சம் பார்த்து ஏறியிருக்கலாம்" என்று வேறு சொன்னாளே! அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"எட்டு மாசமா என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?"

"வாய் வரல."

அவள் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "சட்டையை மாத்துங்க."

நெட்டையன் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தான். அவன் மனைவி பின்னால் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் இவன் கொட்டிவிட்டான். "தப்பு என்னோடதுடா. நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்."

"தெரியும்" என்றான் நெட்டையன்.

இவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

"கொக்கி மாட்டுற சத்தம் கேக்கல. நீ வச்ச ஏணியாச்சேன்னு ஏறிட்டேன்."

"அப்ப ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீயா வருவேன்னு பார்த்தேன். இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல."

நெட்டையனின் மனைவிக்கும் அது புதுச் செய்தி. கணவனையும் வந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை இவன் எழுதிக்கொடுத்தான். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நெட்டையன் அவ்வப்போது போனில் பேசுகிறான். அவன் மனைவி மட்டும் இவர்கள் குரல் கேட்டால் போனை வைத்துவிடுகிறாள்.